‘வரம்புக்குள் உள்ளது’: அறிவியலாளரின் சொல்லும் ஊராரின் கேள்வியும்

ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தவர்களுக்கு அந்த ஒற்றைத் தாள் பழக்கமாக இருக்கும். இடப்பக்கம் கலங்கல், கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு என்று ஒரு வரிசை; அதையடுத்து நம் கிணற்று நீரில் கண்ட அளவு; அதற்கும் அடுத்து இரண்டு கட்டங்களில் இரண்டு வரம்புகள். நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு, அதாவது எல்லோரும் டிடிஎஸ் என்று சொல்வது, லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் 500 என்றும் இரண்டாவது கட்டத்தில் 2,000 என்றும் அச்சிட்டிருக்கும். தாளின் அடியில் ‘அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது’ என்று ஒரு வரி. அதை வாங்கிக்கொண்டு வருபவரிடம் வீட்டில் கேட்பது ஒரே கேள்வி: இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

அந்த இரண்டு வரம்புகளும் குடிநீருக்கான இந்தியத் தரநிலையிலிருந்து, ஐஎஸ் 10500 என்ற எண்ணுடன் 2012-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆவணத்திலிருந்து வருபவை. அதன்படி 500 என்பது ஏற்கத்தக்க அளவு. 2,000 என்பது வேறு நீர் ஆதாரம் எதுவும் கிடைக்காத நிலையில் மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. ‘வேறு ஆதாரம் இல்லாதபோது’ என்ற நிபந்தனை தரநிலையின் அட்டவணைத் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் அது தாளின் அடிவரிக்கு வந்து சேர்வதில்லை. ஆய்வகம் பொய் சொல்லவில்லை. அந்த வரி, ‘இந்த எண் விதிக்குப் பொருந்துகிறதா’ என்ற கேள்விக்குச் சரியான விடைதான். வீட்டில் கேட்ட கேள்வி அது இல்லை என்பதுதான் சிக்கல்.

சுற்றுச்சூழல் கொள்கை குறித்த சண்டைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். அறிவியலாளர் தமக்கு வைக்கப்பட்ட கேள்விக்குத் தம் துறையின் மொழியில் விடை தருகிறார். அந்த விடையை அதிகாரிகளும் அமைச்சர்களும் நிறுவனங்களும் எடுத்து, மக்கள் கேட்ட வேறொரு கேள்விக்கு விடையாக நீட்டுகிறார்கள். மக்கள் அதை ஏற்காதபோது, ‘அவர்களுக்கு அறிவியல் புரியவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதைத் தொடக்க நிலையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே சொல், இரண்டு பொருள்

எளிதில் பிடிபடுவது சொற்களின் இரட்டைப் பொருள். வானொலியில் ‘ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்புள்ளது’ என்று கேட்டுவிட்டுக் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் நனைந்தவர்கள் நம்மில் அநேகர். வானிலைத் துறைக்கு ‘ஓரிரு இடங்கள்’ என்பது பேச்சுவழக்கு இல்லை. ஒரு வானிலைப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்பதைக் குறிக்கும் கலைச்சொல். அதுபோலவே ‘மிக கனமழை’ என்பது 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை பெய்வது. பேச்சுத் தமிழில் ‘மிக’ என்பதற்கு எண் கிடையாது. அறிக்கைத் தமிழில் உண்டு.

காற்றுத் தரக் குறியீட்டில் ‘திருப்திகரம்’ என்றொரு படி இருக்கிறது. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 31 முதல் 60 மைக்ரோகிராம் வரை இருந்தால் இந்தப் பெயர். இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60 என்பதால், அந்த வரம்பை அளவுகோலாகக் கொண்டால் பெயர் பொருத்தமானதே. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதே 24 மணி நேரத்துக்கான அளவு 15. ஆக, 55 மைக்ரோகிராம் துகள் உள்ள நாளில் ‘திருப்திகரம்’ என்று பச்சைநிறக் கட்டத்தில் படித்துவிட்டு ஆஸ்துமா உள்ள பிள்ளையை விளையாட அனுப்பும் தாய், யாருடைய திருப்தி என்று கேட்க வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இவற்றைவிடச் சிக்கலானது ‘நிச்சயமின்மை’ என்ற சொல். ஆய்வாளருக்கு அது ஓர் அளவு: எனக்குத் தெரிந்தது இவ்வளவு, இதன் பிழை எல்லை இவ்வளவு. கேட்பவருக்கு அது ‘இவருக்கே தெரியவில்லை’. காலநிலை மாற்றம் குறித்த ஐநா அமைப்பான ஐபிசிசி இந்தச் சிக்கலை உணர்ந்து, தன் அறிக்கைகளில் வரும் ஒவ்வொரு வாய்ப்புச் சொல்லுக்கும் ஓர் எண்ணை ஒட்டி வைத்தது. புவி வெப்பமாதலில் மனிதரின் பங்கு பற்றி அது சொன்ன வாசகங்களை ஆண்டுவாரியாகப் பார்த்தால் அந்த முயற்சி தெரியும். 1995-இல் ‘கண்டறியத்தக்க மனிதத் தாக்கம்’ இருப்பதைச் சான்றுகள் சுட்டுகின்றன என்றது. 2001-இல் ‘வாய்ப்புள்ளது’ என்ற சொல்லைப் போட்டு, அதற்கு 66 சதவீதத்துக்கு மேல் என்று பொருள் கொடுத்தது. 2007-இல் ‘மிகவும் வாய்ப்புள்ளது’, அதாவது 90-க்கு மேல். 2013-இல் அதற்கும் மேற்பட்ட ஒரு சொல், 95-க்கு மேல். 2021-இல்தான் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியது.

உள்ளே இருப்பவர்களுக்கு இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் பெரிய செய்தி. வெளியே இருப்பவர்களுக்கோ எல்லாம் ‘வாய்ப்புள்ளது’தான், அதுவும் தமிழில் அந்தச் சொல் நாள்தோறும் மழைக்குப் பயன்பட்டு நைந்துபோன சொல். டேவிட் புடெஸ்கு என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இந்த வாசகங்களைப் பொதுமக்களிடம் படிக்கக் கொடுத்து, 2009-இலும் பின்னர் பல நாடுகளில் பல மொழிகளிலும் சோதித்தார்கள். 90-க்கு மேல் என்று ஆய்வாளர்கள் நினைத்து எழுதிய சொல்லைப் படித்தவர்கள் அதைவிடக் கணிசமாகக் குறைத்தே புரிந்துகொண்டார்கள். சொல்லுக்கு அருகிலேயே எண்ணையும் எழுதிக் காட்டியபோது புரிதல் ஓரளவு சீரானது.

‘குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை’

மேலே சொன்னவை அகராதி போட்டுத் தீர்க்கக்கூடியவை. அகராதியால் தீராத ஒன்று உண்டு. அதற்கு ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஆலைக்கு அருகில் ஒரு சிற்றூர். மாநில சராசரியின்படி அந்த ஊரின் மக்கள்தொகைக்குப் பத்து ஆண்டுகளில் இரண்டு பேருக்கு ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் வரலாம். வந்திருப்பதோ நான்கு பேருக்கு. ஊரார் கண்ணில் இது இரு மடங்கு. நான்கு பேரின் பெயரும் முகமும் எல்லோருக்கும் தெரியும். புள்ளியியலாளர் கேட்கும் கேள்வி வேறு: எந்தக் காரணமும் இல்லாமல், தற்செயலாகவே நான்கோ அதற்கு மேலோ வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? கணக்கிட்டால் ஏறத்தாழ ஏழில் ஒன்று. வழக்கமாக இருபதில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்தான் ‘குறிப்பிடத்தக்கது’ என்று எழுதுவார்கள். எனவே அறிக்கையில் ‘புற்றுநோய் விகிதத்தில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை’ என்று வரும். மறுநாள் அது ‘ஆலையால் பாதிப்பு இல்லை: ஆய்வில் உறுதி’ என்று செய்தியாகும்.

முதல் வாக்கியம் சரி, இரண்டாவது தவறு. அந்தச் சிற்றூரின் மக்கள்தொகை, உண்மையிலேயே இரு மடங்கு உயர்வு இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெரியதில்லை என்பதே ஆய்வு நேர்மையாகச் சொல்லக்கூடியது. ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் சாவியைத் தொலைத்த எவருக்கும் தெரியும். இருட்டறையில் கைவிளக்கு இல்லாமல் தேடியவர் ‘கிடைக்கவில்லை’ என்றால், விளக்கு இருந்ததா என்று கேட்போம். ஆய்வு அறிக்கையிடம் அப்படிக் கேட்க நமக்குப் பழக்கமில்லை.

ஏன் இருபதில் ஒன்று என்ற கோடு? இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் பிழையை ஆய்வுலகம் அஞ்சுகிறது. அப்படிச் சொன்னால் பிறர் அதன்மேல் கட்டும் ஆய்வெல்லாம் சரிந்துவிடும். அதனால் கோட்டை உயரத்தில் போட்டிருக்கிறார்கள். ஆலைக்கருகே குடியிருப்பவருக்கு அச்சம் நேர்மாறான பிழைமீது: இருக்கும் ஆபத்தை இல்லை என்று சொல்லிவிடுவது. இரண்டு அச்சங்களுமே நியாயமானவை. ஆனால் எந்தப் பிழையை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பது புள்ளியியல் விடை தரும் கேள்வி கிடையாது. விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி. அறிக்கையின் மொழி அந்தக் கேள்வியைத் தனக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, விடையை மட்டும் வெளியே காட்டுகிறது.

மூன்று வாரம் என்று சொன்ன தடை

இத்துறையில் பாடம் சொல்பவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் நிகழ்வு இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்ப்ரியா மலைப்பகுதியில் நடந்தது. செம்மறியாடு வளர்ப்பவர்களையும் கதிர்வீச்சு அறிவியலாளர்களையும் எதிரெதிரே நிறுத்திய நிகழ்வு அது. சற்று விரிவாகவே பார்க்கத் தகும்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க மேகம் மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு மேலே வந்தபோது கம்ப்ரியா, வட வேல்ஸ், ஸ்காட்லாந்தின் சில பகுதிகள் ஆகிய மலைப்பாங்கான இடங்களில் நல்ல மழை. மேகத்தில் இருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு புல்லில் இறங்கியது. உடல்நலத்துக்கு ஆபத்து ஏதுமில்லை என்று அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, கம்ப்ரியாவிலும் வட வேல்ஸிலும் குறிப்பிட்ட பகுதிகளில் ஆடுகளை இடம் மாற்றவும் வெட்டவும் தடை வந்தது. இறைச்சியில் கிலோவுக்கு 1,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பை அந்த ஆடுகள் தாண்டியிருந்தன. தடை மூன்று வாரத்துக்குத்தான், அதற்குள் சீசியம் குறைந்துவிடும் என்று நம்பிக்கையோடு அறிவித்தார்கள்.

அந்த மூன்று வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது? களிமண் நிலங்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து. களிமண்ணில் விழும் சீசியம் மண் துகள்களோடு இறுகப் பிணைந்து, புல்லின் வேருக்குக் கிடைக்காமல் போய்விடும். எனவே ஏற்கெனவே மேய்ந்தது ஆட்டின் உடலிலிருந்து வெளியேறியதும் சிக்கல் முடிந்தது. கம்ப்ரியா மலைமேல் இருப்பதோ அமிலத்தன்மை கொண்ட, மட்கிய தாவரம் நிறைந்த கரிய மண். அதில் சீசியம் பிணையாமல் வேரால் மேலே ஏறும், புல்லாகும், ஆட்டுக்குள் போகும், புழுக்கையாக மண்ணுக்குத் திரும்பும், மறுபடி ஏறும். மூன்று வாரம் கழிந்தபோது அளவு குறையவில்லை. தடை காலவரையின்றி நீண்டது. பிரிட்டனில் இதன் கீழ் வந்த பண்ணைகள் ஒரு கட்டத்தில் 9,700 அளவுக்கு இருந்தன. கடைசிப் பண்ணைகளின் மீதான கட்டுப்பாடு விலக்கப்பட்டது 2012 ஜூன் மாதத்தில், அதாவது மூன்று வாரம் என்று சொல்லி இருபத்தாறு ஆண்டுகள் ஆன பிறகு.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த ஆட்டுப் பண்ணையாளர்களோடு பேசிப் பேசி, அவர்கள் அறிவியலாளர்கள்மீது ஏன் நம்பிக்கை இழந்தார்கள் என்று ஆராய்ந்தார். கணிப்பு பொய்த்தது ஒரு காரணம். ஆனால் பொய்த்ததைக் காட்டிலும் அவர்களைப் புண்படுத்தியது, சொன்ன விதத்தில் ‘ஒருவேளை’ என்ற சொல்லே இல்லாமல் போனது. மலைநாட்டு விவசாயி மழையையும் பனியையும் ஈற்றுக் காலத்தையும் ஒருபோதும் உறுதியாகச் சொல்லமாட்டார். நிச்சயமின்மையோடு வாழ்வதுதான் அவர் தொழில். அவரிடம் போய் உறுதியான குரலில் பேசியது, அவரைச் சமாதானப்படுத்துவதற்குப் பதிலாகச் சந்தேகப்பட வைத்தது.

அவர்கள் பார்த்த சின்னச் சின்ன விவரங்கள் இன்னும் சுவாரசியமானவை. கோடை இறுதிக்குள் குட்டிகளை விற்றாக வேண்டும். விற்காமல் வைத்திருந்தால் மலையில் புல் தீர்ந்து, அடுத்த ஆண்டுக்கான தாயாடுகளும் மெலியும். ‘கீழே பள்ளத்தாக்கில் மேயவிடுங்கள், அங்கே சீசியம் குறைவு’ என்பது அதிகாரிகளின் அறிவுரை. பள்ளத்தாக்குப் புல் அவர்களிடம் இருந்ததே கொஞ்சம். அதையும் குளிர்காலத் தீவனத்துக்கு வெட்டி வைக்க வேண்டும். வைக்கோல் வாங்கிப் போடலாமே என்றார் இன்னொருவர். மலையாடு வைக்கோலைத் திரும்பியும் பாராது என்பது அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். களிமண் வகைத் தாது ஒன்றைப் புல்லில் தூவினால் சீசியம் குறைகிறதா என்று சோதிக்க ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். பரந்த மலையில் திரிந்து பழகிய ஆடு வேலிக்குள் தானாகவே மெலியும், அதனால் ஒப்பீடே கெட்டுவிடும் என்று வளர்ப்பவர்கள் சொன்னார்கள். முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. பின்னர் அந்தச் சோதனை கைவிடப்பட்டது.

ஆட்டை அளக்கும்போது நடந்ததும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. கருவியை ஆட்டின்மீது பிடிக்கும் விதத்தைப் பொறுத்து எண் மாறியது. ஒருமுறை தேறாத ஆடு, இன்னொரு விதமாகப் பிடித்து அளந்தபோது தேறியது. பக்கத்துப் பக்கத்து மேய்ச்சலிலேயே அளவுகள் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன. அறிக்கைகளிலோ வட்டாரத்துக்கு ஒரு சராசரி. ஆய்வாளருக்குச் சராசரி உண்மையின் சுருக்கம்; தன் மந்தை எந்தப் பக்கம் விழும் என்று அறிய வேண்டியவருக்கு அது விடையே இல்லை.

இன்னொரு கவலையும் அங்கே இருந்தது. அருகிலேயே செல்லஃபீல்டு அணு வளாகம். விண்ட்ஸ்கேல் என்ற பழைய பெயரில் 1957 அக்டோபரில் அங்கே தீ விபத்து நடந்து, சுற்றுவட்டாரத்துப் பாலையெல்லாம் கொட்ட வேண்டியிருந்ததை முதியவர்கள் மறக்கவில்லை. இந்தச் சீசியம் செர்னோபிலிலிருந்து வந்ததுதானா, அல்லது முப்பது ஆண்டாக இங்கேயே இருந்ததா என்று கேட்டார்கள். 1986-க்கு முன் இந்த மலைகளில் எடுத்த அளவீடுகளைக் காட்டுங்கள் என்றார்கள். சீசியத்தின் இரண்டு வகைகளின் விகிதத்தைக் கொண்டு அது செர்னோபில் சரக்குதான் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். அங்கிருந்த சீசியத்தில் கணிசமான பங்கு, அணுகுண்டுச் சோதனைகள் உள்ளிட்ட பழைய மூலங்களிலிருந்து வந்தது என்று பின்னாளில் தெரியவந்தது. அவர்கள் கேட்டது விகிதாச்சாரக் கணக்கு மட்டுமல்ல. நீங்கள் முன்பும் எங்களிடம் மறைத்தீர்கள், இப்போது மறைக்கவில்லை என்று எப்படி நம்புவது என்பதுதான் கேள்வி. அதற்கு வேதியியலில் விடை இல்லை.

‘நிரூபிக்கப்படவில்லை’ என்றால் யார் நிரூபிப்பது?

கொள்கை வகுப்பவர்களின் கையில் வந்ததும் அறிவியலின் எச்சரிக்கை மொழி ஒரு விசித்திரமான வேலை செய்யத் தொடங்கும். ‘இன்னும் முழுமையாக நிரூபணமாகவில்லை’ என்று ஆய்வாளர் அடக்கத்தோடு எழுதியது, ‘எனவே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை’ என்பதற்குக் காரணமாகிவிடும். இதை எதிர்கொள்ளவே 1992 ரியோ பிரகடனத்தின் 15-ஆம் கொள்கை உருவானது: கடுமையான அல்லது மீட்க முடியாத கேடு வரும் என்ற அச்சுறுத்தல் உள்ள இடத்தில், முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காகக் கொள்ளக் கூடாது.

இந்தக் கொள்கை இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்த வாசல் தமிழ்நாடு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததோடு, தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு அந்தச் செயலைச் செய்பவரையே சாரும் என்றும் நீதிமன்றம் சொன்னது. கிணறு கெட்டவர், கெட்டது ஆலையால்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு, ஏட்டளவிலாவது, தலைகீழானது. ‘சான்று இல்லை’ என்ற அதே வாக்கியம், நிரூபிக்கும் சுமை யார் தோளில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆலையைத் திறந்தும் வைக்கும், மூடியும் வைக்கும்.

கூட்டத்தில் கேட்கும் மொழி

மக்கள் தம் கவலையைக் கொள்கைக்குள் கொண்டுசெல்ல இந்தியாவில் உள்ள முறையான வழி, 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்த கருத்துக் கேட்புக் கூட்டம். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். பேசுவது பதிவாகும். எழுப்பிய பிரச்சினைகளைத் தொகுத்து, உள்ளூர் மொழியில் படித்துக் காட்டவும் வேண்டும். திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். மாநில மொழியில் கட்டாயம் தர வேண்டியது அதன் சுருக்கம் மட்டும்.

சுருக்கம் என்பது, முதலில் உதிர்வது எது என்று காட்டும் சல்லடை. முழு அறிக்கையில் ‘இந்தக் கணக்கீட்டு மாதிரி இன்ன அனுமானங்களின் அடிப்படையில், இன்ன மாதங்களில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு கணித்தது’ என்று இருப்பது சுருக்கத்தில் ‘பாதிப்பு மிகக் குறைவு’ என்றாகிவிடும். நிபந்தனைகள் ஆங்கிலத்திலேயே தங்கிவிட, முடிவு மட்டும் தமிழுக்கு வருகிறது. இந்த அறிவிக்கைக்குப் பதிலாக 2020 மார்ச்சில் வெளியிட்ட வரைவே முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைத்தது. அதை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் பெயர்க்கும்படி அவ்வாண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

கூட்டத்தில் எழுந்து பேசுபவர் ‘எங்க ஏரி போயிடும், மாட்டுக்குத் தண்ணி எங்க காட்டுறது’ என்பார். தொகுப்பில் அது ‘நீர் ஆதாரங்கள் குறித்த அச்சம் தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரு வரியாகி, அதற்கெதிரே ‘உரிய தணிப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்’ என்று பதில் நிற்கும். மாடும் இடமும் காலமும் உள்ள ஒரு துல்லியமான கேள்வியை ‘அச்சம்’ என்ற உணர்ச்சியாக மாற்றியதுதான் அந்த வரி செய்த வேலை. எந்த ஏரி, கோடையில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும், எத்தனை மாடு என்று திருப்பிக் கேட்டிருந்தால் அதுவே நீரியல் தரவு.

அப்படித் திருப்பிக் கேட்டதற்கும் முன்மாதிரி உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் 2000-களின் தொடக்கத்தில் மக்களே பயிற்சி பெற்றுக் காற்று மாதிரி எடுக்கவும், வீசும் நாற்றத்தை நாட்குறிப்பாக எழுதவும் தொடங்கினார்கள். அழுகிய முட்டை நாற்றம், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் போன்றவை புகாராக வந்தால் காற்றோடு போய்விடும். தேதியும் மணியும் போட்டு எழுதியபோது நிலைமை வேறு. அழுகிய முட்டை, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் அடையாளம். முட்டைக்கோஸ் மெர்காப்டன் வகைச் சேர்மங்களைச் சுட்டும். ஹைட்ரஜன் சல்பைடு நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். இரவு இரண்டு மணிக்கு அரைமணி நேரம் திறந்துவிட்ட வாயு, 24 மணி நேரச் சராசரியில் கரைந்து காணாமல் போகும். அந்த நேரத்தில் விழித்திருந்தவரின் குறிப்பில் காணாமல் போகாது.

இத்தகைய குறிப்பு எழுத நினைப்பவர்கள் ஐந்து விவரங்களைப் பதிய வேண்டும்: நாள், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், காற்று வீசிய திசை, எதைப்போன்ற நாற்றம், உடலில் என்ன உணர்ந்தீர்கள் என்பது. ஹைட்ரஜன் சல்பைடின் அடர்த்தி மிக உயர்ந்தால் முகர் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆகவே அழுகிய முட்டை நாற்றம் கடுமையாக வீசிச் சட்டென்று நின்றதாக எழுத நேரும் இரவில், குறிப்பேட்டை மூடுவதற்கு முன் அந்த இடத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.